துண்டு வாங்க எழுந்த ராஜா

வெயிலில் காய்ந்த தார்ப்பாயின் வாடை, அதோடு கொஞ்சம் டீசல்... எங்கள் ஊர் நாடக மேடையை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போன முதல் பொங்கல். பகலில் இளைஞர் மன்றத்து நாடகம். இரண்டு லாரிகளைப் பின்னோடு பின் சேர்த்து நிறுத்தி, பலகைகளை இறக்கிவிட்டால் மேடை. ஒரு லாரி அரண்மனை, இன்னொன்று காடு. காட்டு லாரி அரை அடி கூடுதல் உயரம். அங்கே போன ஒவ்வொருவரும் தடுக்கித்தான் போனார்கள். நடுவில் ஒரு சரிவுப் பலகை போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராஜா, என் கணவர்.

நான் கான்வென்டில் படித்தவள். ஆண்டு விழா ஒத்திகையில் ஒருத்தி இருமினால்கூட சிஸ்டர் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். அது என் கணவருக்கும் தெரியும். இரண்டு மாதமாகக் கொடிக்காலில் வசனம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், அன்று காலை கிளம்பும்போது சொன்னார்: "நல்லாருக்குன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க புள்ள. நீ பாத்துட்டு நெசத்தச் சொல்லு."

முன்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

குறைகளுக்குப் பஞ்சமில்லை. தார்ப்பாய்க்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்தவரின் குரல், நடித்தவர்கள் குரலைவிடத் தெளிவாகக் கேட்டது. மந்திரி கையில் வாட்ச். ராணியாக வந்த லாரி டிரைவர் மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லி முக்காட்டால் மூடியிருந்தார். காற்று அடித்தபோதெல்லாம் மீசை தெரிந்தது. ராஜாவோ கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தொடக்கம் முதல் இடுப்பிலேயே வைத்திருந்தார். பதின்மூன்று குறைகள் எழுதிவிட்டேன்.

கடைசிக் காட்சி. ராஜா சாக வேண்டும். மகனின் மடியில் தலைவைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே... கை மெல்ல நழுவித் தரையில் விழுந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கூட்டம் அடங்கிவிட்டது. என் பென்சிலும் நின்றுவிட்டது.

அப்போது மைக் அலறியது. ராஜாவாக நடிக்கும் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் துண்டு போர்த்துகிறாராம். அங்கே அது வழக்கம். நடிக்கிறவரின் மாமன் மச்சான் எந்தக் காட்சியிலும் ஏறி மரியாதை செய்யலாம். மாமா காட்டுப் பக்கமாக ஏறி, அரண்மனைக்கு இறங்கும்போது தடுக்கி, பிணத்தருகே வந்து நின்றார்.

"மாப்ள, எந்திரிங்க."

பிணம் அசையவில்லை. எழுந்துவிடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஏனுங்க மாப்ள, மாமன் நிக்கறனுங்க."

செத்த ராஜா எழுந்தார். கும்பிட்டார். தோளைத் தாழ்த்தித் துண்டை வாங்கிக்கொண்டார். மறுபடி படுத்தார்... இந்த முறை மகன் மடியில் கால்களை வைத்து. ஊரே கைதட்டியது.

வீட்டுக்கு வந்து, அந்தத் துண்டைக்கூட எடுக்காமல் என் எதிரே உட்கார்ந்து கேட்டார். வரிசையாக வாசித்தேன். பதினான்காவதில் என் குரல் உயர்ந்துவிட்டது. "செத்தவன் எந்திரிச்சுக் கும்புடுவானாங்க?"

"நாடகம் நாளைக்கு மறந்துரும் புள்ள. மாமன் துண்டக் கையில வெச்சுட்டு எறங்கியிருந்தா, அவுரு இருக்கற வரைக்கும் ஊரு சொல்லிக்காட்டும்" என்றார். துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, "அதுக்கு முந்தி?" என்று கேட்டார்.

"அதுக்கு முந்தி என்ன?" என்று நோட்டை மூடினேன். அத்தனை எரிச்சல்.

அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டவில்லை. கூப்பிட்டவர்களிடம் கொடிக்காலில் வேலை இருக்கிறது என்றார்.

போன வாரம் சேலத்தில் என் மகன் குடியிருக்கும் அபார்ட்மென்டில் ஒரு நாடகம் போட்டார்கள். வசனம் முழுவதும் முன்பே பதிவு செய்தது. வாயசைப்பதுதான் நடிப்பு, அதுவும் பொருந்தவில்லை. புரொஜெக்டரில் அரண்மனை காட்டினார்கள். தூண் ராணியின் முகத்தில் விழுந்தது. பிணமாகக் கிடந்தவர், போட்டோ எடுப்பவர் பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரை எந்த மாமனும் வந்து கூப்பிடவில்லை. என் கருத்தைக் கேட்டார்கள், சொன்னேன். முடிப்பதற்குள் மகன் என்னை லிஃப்டுக்கு இழுத்துப் போய்விட்டான்.

அன்று ராஜா எழுந்ததற்கு முந்தி நன்றாகத்தான் இருந்தது. பென்சில் நின்றது அதனால்தான். சொல்ல எத்தனையோ வருஷங்கள் இருந்தும் நான் சொல்லவில்லை.

என் கணவர் போனபோது, துண்டு போர்த்திய அந்த மாமா உயிரோடு இல்லை. மாமாவின் மகன்தான் கோடித் துணியோடு வந்து அவர் காலருகே நின்றார். எல்லோரும் அழுதார்கள். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் அவர் எழுந்து கும்பிட்டிருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன்.