ஒரு பக்கத்தில் குடித்த டீ

"...ஒரே ஒரு டீ, மச்சி! யாரையும் சுடல, அடிக்கல. ஒரு டீ குடிச்சேன், மூணு வாரம் பேச்சு நின்னு போச்சு. அந்த மாதிரி எடத்துக்குப் போறேங்கறா இவ!"

என் நண்பர் மகளைக் கையால் காட்டினார். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் வீட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். உலக நாடுகள் சேர்ந்து அனுப்புகிற அமைதிப் படைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். ஆப்பிரிக்காவில் ஒரு வருட வேலை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் படையின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இவரும் போய் வந்தவர்தான். ஆனால் இப்போது முடியாது என்கிறார். நைனா சரி என்று சொல்லாமல் போக மாட்டேன் என்கிறாள் அவள். மறுநாளைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். எனக்குப் படிப்பு கிடையாது, வாய் உண்டு. அதனால் அவரைச் சரிக்கட்டத் தாயும் மகளும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"போலீஸ்காரிக்கே துப்பாக்கி பயம் காட்டறியா?" என்று ஆரம்பித்தேன்.

"துப்பாக்கி இன்னா மச்சி துப்பாக்கி! அது சத்தம் போட்டுக்கினு வரும். டீ சத்தமே போடாம வரும்."

இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் நான் வந்த வேலையை மறந்துவிடுவேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

ஆப்பிரிக்காவில் அவர் இருந்த ஊரில் ஆற்றின் ஒரு கரையில் மாடு வைத்திருப்பவர்கள், மறுகரையில் பயிர் வைப்பவர்கள். தண்ணீர் குடிக்க வரும் மாடு பயிரில் இறங்கினால் கொலைவரை போகும். தலைநகரில் பெரியவர்கள் ஒப்பந்தம் போட்டாயிற்று. "கையெழுத்து அங்க. மாடு தண்ணி குடிக்கிறது இங்க" என்றார். மாடுகள் எந்த நேரத்தில் ஆற்றில் இறங்கலாம் என்று இரண்டு தரப்பையும் ஒரு மரத்தடியில் உட்காரவைத்து முடிவு செய்வது இவருடைய குழுவின் பொறுப்பு.

கூட்டத்தன்று இவர் சீக்கிரமே போய்விட்டார். மாட்டுக்காரர்கள் டீ நீட்டினார்கள். மந்தைவெளியில் வளர்ந்தவருக்கு டீயை மறுக்க வருமா? வாங்கிக் குடித்தார், சிரித்துப் பேசினார். மறுகரைக்காரர்கள் தூரத்தில் நின்று அதைப் பார்த்தார்கள். அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

"நம்ம ஊர்ல டீ மரியாதை. அங்க அன்னிக்கு அது கட்சி. அந்த மூணு வாரத்துல ஒரு சண்ட. வயக்காரன் ஒருத்தன் செத்தான். தெனம் என்னப் பாத்தா கை காட்டிட்டுப் போவான், மச்சி." குரல் இறங்கியது. "நாளைக்கு இவளும் ஏதோ ஒண்ணு தெரியாம பண்ணிட்டு வந்து, என்ன மாதிரி ராத்திரில முழிச்சிக்கினு கெடக்கணுமா?"

மகள் நாற்காலியை அவருக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு வாரம் கழிச்சு இன்னா ஆச்சு நைனா? அத்த மட்டும் முழுங்கிடறியே."

"இன்னா ஆச்சு? வந்தாங்க."

"சும்மா வந்தாங்களா?"

"தெனம் அவங்க பக்கம் போயி வெயில்ல உக்காந்தேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ஒரு பொம்பள நாய ஏவி வுட்டா. அப்பறம் அவளே தண்ணி கொணாந்து குடுத்தா. அதுக்கப்பறம்தான் ரெண்டு கரக்காரங்களும் மரத்தடிக்கு வந்தாங்க. காலைல மாடு, வெயில் ஏறினா வயல்னு பேசி முடிச்சோம். நான் கெளம்பற வரைக்கும் ஒரு அடிதடி இல்ல."

"தப்புப் பண்ணதும் நீ, போயி உக்காந்து சரி பண்ணதும் நீ. உன் பொண்ணுக்கு உக்காரத் தெரியாதா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "மூணு நாளா உன் எதிர்லதான் உக்காந்துகினு கீறா. கண்ணு தெரியலையா உனக்கு?"

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் பேச வந்தவன், அதற்குத் தேவையே வரவில்லை. நாடுகள் கூடி எழுதுகிற சமாதானம் நிலைக்குமா என்று யாராவது இழுத்துப் பேசினால், நிலைக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கோபித்துக்கொண்டவர் வாசலில் மறுபடியும் போய் உட்காரக் கூச்சப்படாத ஆள் ஒருவர் அங்கே இருந்தால் போதும்.

நண்பர் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்த தன் ராணுவ இரும்புப் பெட்டியை இறக்கி மகள் முன்னால் வைத்தார். லுங்கி நுனியால் மூடியைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த தன் பெயரைச் சாவியால் சுரண்ட ஆரம்பித்தார்.