நாலு விரல்

சென்றாயனுக்கு வானத்தை அளக்கிற பழக்கம் காட்டுக் காவலில் வந்தது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் பன்றி விரட்டி வருசக்கணக்காகப் பரணில் கிடந்தவன். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரல்களைப் படுக்கப் போட்டு, வானத்தின் அடியிலிருந்து நட்சத்திரம் வரைக்கும் எத்தனை விரல் என்று எண்ணுவான். சாமை விதைக்கிற நாளைக்கூட அப்படித்தான் சொல்வான். அவன் எண்ணிச் சொன்னால் தப்பியதில்லை. அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு.

தொண்ணூற்றேழு பங்குனியில் வடமேற்கே வால் நட்சத்திரம் தெரிந்தது. அதே மாசம் மகள் கலைச்செல்வி பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குக் கிளம்பினாள். பத்தொன்பது வயசு. ஆஸ்டலில் தங்கவேண்டும். சென்றாயனுக்கு மனசே இல்லை. போகிறதுக்கு முந்தின சாயங்காலம் ஊட்டுக்குப் பின்னால், எதிர்க்கரட்டைப் பார்த்திருக்கிற பாறைக்கு அவளைக் கூட்டிப் போனான்.

"ரேடியோவுல ஏழேகால் செய்தி தொடங்கறப்ப நான் இங்க நின்னு அளப்பேன். நீ அங்க மாடியில நின்னு அள. வாராவாரம் எழுதிப் போடு. ரெண்டு கணக்கும் ஒத்துப்போனா, பொழுதோட ஆஸ்டலுக்குள்ள வந்துடறேன்னு நான் நிம்மதியா இருப்பேன்."

"என்னைய நம்பறதுக்கு நட்சத்திரம் சாட்சியாப்பா?" என்று சிரித்தாள்.

"ஊரு வாய அடைக்க ஒண்ணு வேணுமில்ல சாமி."

இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். அவள் கை குட்டை, விரலும் சின்னது. ஆனாலும் இரண்டு பேருக்கும் மூணு விரல்தான் வந்தது.

முதல் கடுதாசி பத்தாம் நாள் வந்தது. தேதி போட்டு வரிசையாக எழுதியிருந்தாள். ஏழு, ஏழரை, எட்டு. சென்றாயன் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தது மூணு, மூணரை, நாலு. பழக்கமில்லாத புள்ளை, தடுமாறியிருக்கும் என்று விட்டுவிட்டான். இரண்டாவது கடுதாசியில் ஒன்பது என்றிருந்தது, சுவரில் ஐந்து. மூன்றாவதில் பதினொன்று, சுவரில் ஏழு.

டீக்கடையில், விசயம் தெரிந்த பக்கத்துக் காட்டு அர்த்தனாரி வேறு எடுத்துக் கொடுத்தான். "மில்லுக்குப் போன புள்ள சாயங்காலத்துல வானத்தையா பாத்துக்கிட்டு நிக்கும்? சினிமாக் கொட்டாயில உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்த நம்பர எழுதுது. நீயும் அதைய வாங்கி வெச்சுக்கிட்டு விரல மடக்கற."

நாலு பேர் சிரித்தார்கள். சென்றாயன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

இரண்டு கணக்கும் சேர்ந்தேதான் ஏறின. நடுவில் இருந்த அந்த நாலு விரல் ஒருநாளும் கூடவில்லை, குறையவில்லை. பொய் எழுதுகிறவளுக்கு அது எப்படி மாறாமல் நிற்கும் என்று அவன் ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒரு கார்டு வாங்கி எழுதினான். "நீ வானத்தப் பாக்கல. யாரப் பாக்கறேன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்ற புள்ளைக்கு இந்த ஊட்டுல சோறு இல்ல."

கார்டு. மூடி ஒட்டுகிற கடுதாசி இல்லை.

பதில் வந்தது. "நான் பாத்ததத்தான் எழுதினேன் அப்பா. நம்பிக்கை இல்லேன்னா நேர்ல வந்து பாருங்க."

போகவில்லை. இரண்டு வாரம் வீம்பு பிடித்துக்கொண்டு கிடந்தான். "ஏனுங்க, ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தா உங்க கவுரவம் கொறஞ்சா போயிரும்?" என்று பொண்டாட்டி ருக்குமணி தினமும் கேட்டாள். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் கிளம்பினான். வால் நட்சத்திரம் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது, முந்தின சாயங்காலம் சுவரில் எழுதியது ஐந்து விரல்.

மில் வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மகளோடு ஒரே ரூமில் இருந்த நாசியா என்கிற பெண் கேட்டுக்கு வந்தாள், சேந்தமங்கலத்துப் பெண்.

"நீங்கதான் கலை அப்பாங்களா? அவ போய் நாலு நாளாச்சுங்க."

"புள்ள எங்க போச்சு கண்ணு?"

"திருப்பூர்ப் பக்கம், பனியன் கம்பெனிக்குன்னா. அட்ரஸ் சொல்லல." அவள் துப்பட்டாவுக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "உங்க கார்டை வார்டன் எல்லார் முன்னாடியும் படிச்சுட்டாங்க. அதுக்கப்பறம் அவ யார் கூடவும் சாப்புட உக்காரல. 'எங்கப்பாவுக்கு நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்'னு சொல்லிட்டுப் போனா. இதைய விட்டுட்டுப் போயிட்டா."

கோடு போட்ட நோட்டு. பங்குனியிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது. மேகம் இருந்த நாளில் 'மேகம்' என்றிருந்தது. கார்டு வந்த தேதிக்குப் பிறகும் எழுதியிருந்தாள், கிளம்பிய நாளுக்கு முந்தின நாள் வரைக்கும். கடைசி வரி, ஒன்பதரை.

ரோட்டுக்கு எதிரே அறுத்த சோளக்காடு. சென்றாயன் அதில் போய் நின்றான். மிளகு விற்கக் கீழ்நாட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான், ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடித்து இருட்டுமுன் மலையேறிவிடுவான். கீழே நின்று பொழுது சாய்ந்த பிற்பாடு வானத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். டீக்கடை ரேடியோவில் செய்தி தொடங்கியது. கையை நீட்டினான்.

ஒன்பது.

தள்ளி நின்று மறுபடி எண்ணினான். அப்போதும் ஒன்பது. மேற்கே கரடு இல்லை, குன்று இல்லை. வானம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. மலையில் அவன் அடி என்று வைத்து எண்ணியதெல்லாம் எதிர்க்கரட்டின் உச்சியிலிருந்து. அந்தக் கரட்டுக்குப் பின்னால் நாலு விரல் வானம் மறைந்து கிடந்திருக்கிறது. மகள் அதையும் சேர்த்து ஒழுங்காக எண்ணியிருக்கிறாள். பொய்க் கணக்கு எழுதியது சுவர்தான்.

நீட்டிய கையை மடக்க மறந்து அவன் அப்படியே நின்றான். சைக்கிளில் போன ஒருவன், "யாருக்குங்க டாட்டா காட்டறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று தடவை திருப்பூர் போனான். கம்பெனி கம்பெனியாக, கேட் கேட்டாக விசாரித்தான். அந்தப் பேரில் நூறு பெண்கள் இருந்தார்கள், அவள் இல்லை. வால் நட்சத்திரம் வைகாசியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாயிரத்து மூன்றிலும் அந்தப் பாறைக்கு ஏழேகாலுக்கு அவன் வருவான். மேற்கே வெள்ளி இருந்தால் வெள்ளி, இல்லாவிட்டால் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு நட்சத்திரம். ஒரு நாள் மாட்டைத் தேடி வந்த அர்த்தனாரி பக்கத்தில் நின்றான். இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை.

"இன்னிக்கு எத்தனை சென்றாயா?"

"இங்க மூணு," என்றான் சென்றாயன். "அவளுக்கு ஏழு."