கடலைப் பற்றி ஐந்து வசனம்

எங்கள் பதினோராம் வகுப்பு இணையத்தில் ஆங்கிலத்தில் விவாதிக்கத் தொடங்கியது 2005ஆம் ஆண்டின் இரண்டாம் பள்ளித் தவணையில். ஆண்டையும் தவணையையும் குறித்துவைப்பது என் பழக்கம். பின்னாளில் ஒருவரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

வவுனியா நெளுக்குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு கலவன் பாடசாலையில் நான் அப்போது ஆங்கில ஆசிரியை. கொழும்பில் நடந்த பயிற்சியொன்றிலிருந்து ஒரு யோசனையோடு வந்திருந்தேன். வாரத்துக்கு ஒரு கேள்வியை வகுப்பின் இணையப் பக்கத்தில் நான் போடுவேன். ஒவ்வொருவரும் ஐந்து வசனமாவது மறுமொழி எழுத வேண்டும். அதன் பின், வேறொருவர் எழுதியதற்குக் கீழே தம் கருத்தையும் எழுத வேண்டும். இணையம் தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்து வந்த காலம் அது. பிள்ளைகள் முதலில் கொப்பியில் எழுதித் திருத்திக்கொண்டு, கணினி அறையில் முறைவைத்துத் தட்டச்சு செய்தார்கள்.

முதல் பாதி விதி நன்றாக நடந்தது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். ஒரு பெண்பிள்ளைகூட ஆண்பிள்ளை எழுதியதற்குக் கீழே எழுதவில்லை. எழுத வேண்டிவந்தால் எல்லாம் எனக்கே வந்தது: "அன்புள்ள ரீச்சர், மூன்றாவதாக எழுதியவருடைய கருத்து பிழை என்று அவருக்குச் சொல்லவும்." ஒரு பெட்டை ஒரு பெடியனுக்கு எழுத்தில் எதைக் கொடுத்தாலும் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். நம் பழைய இலக்கியத்தில் கிளியும் அன்னமும் மேகமும் தூது போயின. அந்தத் தவணையில் அந்த வேலையை நான் பார்த்தேன்.

நான்காவதோ ஐந்தாவதோ வாரம், சாதுவான கேள்வி என்று நினைத்து இதைப் போட்டேன்: எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்றால் எங்கே கட்டுவீர்கள்?

வகுப்பின் வாயாடி ஒருவன் இருந்தான், வயல்காரர் வீட்டுப் பிள்ளை. குளக்கரையில் கட்டுவேன் என்று தொடங்கி, கடைசி வசனத்தில், முந்தின மார்கழியில் அடித்த அந்தப் பெரிய அலைக்குப் பிறகும் கடற்கரைக்குத் திரும்பிப் போகிறவர்கள் மூடர்கள் என்று முடித்திருந்தான்.

அதே வகுப்பில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒருத்தியும் இருந்தாள். கடல் அவர்கள் வீட்டைக் கொண்டுபோனபின், வருடத் தொடக்கத்தில் தாயும் அவளும் நெளுக்குளத்தில் பெரியம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். தகப்பன் மட்டும் கரையில் கூடாரம் போட்டுக்கொண்டு மீண்டும் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளுடைய பழைய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இருந்ததில்லை. அதனால் என் பாடத்தை ஒரு நாளும் தவறவிடமாட்டாள். மார்கழியில் வரும் பொதுப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைய வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட நேர்த்திக்கடன்.

அவள் என்னைத் தூது விடவில்லை. நேரே அவன் எழுதியதன் கீழே எழுதிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை தாய் வந்துவிட்டா. யாரோ பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். மகளையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தா.

"ரீச்சர், இவள் பெடியனுக்கு எழுதினவளோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எழுதினவா அக்கா. ஆனா அது கடிதம் இல்லை. சண்டை."

"சண்டையோ?" மகளின் கையை விடாமல் கேட்டா. "என்னவெண்டாலும் இண்டையோட சரி. இனி இங்கிலிசும் வேண்டாம், கொம்பியூட்டரும் வேண்டாம். தமிழில எழுதினால் வாசிச்சாவது பாக்கலாம். இதில என்ன எழுதிக் கிழிக்கிறாள் எண்டு ஆருக்குத் தெரியும்? அதுவும் உலகம் முழுக்கப் பாக்குதாம்."

"உலகம் பாக்காது அக்கா. எங்கட வகுப்பும் கொழும்பில எனக்குப் பயிற்சி தந்த ஒரு சேரும்தான். இருங்கோ, நான் தமிழில வாசிக்கிறன்."

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கணினியைத் திறந்து, முதலில் அவன் எழுதியதைத் தமிழில் சொன்னேன். பின் அவளுடைய ஐந்து வசனங்கள்:

"என் அப்பா திரும்பிப் போனார். அவர் மூடர் இல்லை. அலைக்கு முன்பும் அவருக்குக் கடலில் பயம் இருந்தது, பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் போனார். உங்கள் வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால் நீங்கள் வயலை விட்டுவிடுவீர்களா? நான் வீடு கட்டினால் அவர் இருக்கிற இடத்தில்தான் கட்டுவேன்."

தாய் கதிரையில் இருந்தபடி திரையையே பார்த்தா. அதில் அவவுக்கு வாசிக்கக்கூடியதாக ஒன்றும் இல்லை.

"மோடர் எண்டு அந்தப் பெடியன்தானே எழுதினவன்?"

"ஓம் அக்கா."

"வீட்டில அதைச் சொல்லுறது நான்." குரல் இறங்கியிருந்தது. "அந்தாள் எங்களைப் பாக்க வாற நேரமெல்லாம், விசரே, மோடனே எண்டு அதைத்தான் சொல்லுறனான். இவள் ஒரு சொல் கதைக்கிறேல்லை ரீச்சர். கோப்பையைக் கழுவிக்கொண்டு நிப்பாள்."

தாய் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டா.

"சரி, எழுதட்டும். ஆனா அண்ணா எண்டு போட்டு எழுதட்டும். பிறகு ஒருத்தரும் கதை கட்டேலாது."

அந்த ஒரு சொல் வகுப்பு முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டது. அந்த வாரமே பெண்பிள்ளைகள் எல்லோரும் ஆண்பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கினார்கள், ஒவ்வொன்றும் அண்ணா அல்லது தம்பி என்ற விளிப்போடு. யார் யாருக்கு மூத்தவர் என்று தெரிய என்னிடம் பிறந்த தேதி கேட்டு வந்தார்கள்; வகுப்பின் வரவு இடாப்பை வைத்துக்கொண்டு நான் மகிழ்ச்சியோடு தீர்ப்புச் சொன்னேன். கொழும்புப் பயிற்றுநர் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே குடும்பமா என்று கேட்டு எழுதினார்.

வாயாடி அவளைவிடச் சில கிழமைகளால் மூத்தவன்.

"ரீச்சர், என்னைக் கேக்காமலே அண்ணையாக்கிப்போட்டியள்!"

"டேய் அண்ணை," என்றான் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "தங்கச்சிக்குச் சீதனக் காணி ஆயத்தமோ? குளக்கரையில ரெண்டு பரப்பு எழுதிவிடு."

வகுப்பே சிரித்தது. அவன் அந்தத் தவணை முழுவதும் அவளுக்கு விளிப்பு எதுவும் போடாமலே மறுமொழி எழுதினான். மூடர் என்ற சொல்லை மட்டும் அவனாகவே அழித்துவிட்டான். வீட்டை அவன் குளக்கரையிலிருந்து நகர்த்தவில்லை, அவள் கரையிலிருந்து நகர்த்தவில்லை. தாய் கிழமைக்கொருமுறை வாசலில் என்னை மறித்து, "இப்ப ஆர் வெண்டு நிக்கினம் ரீச்சர்?" என்று கேட்பா.

ஆவணியில் தவணை முடிகிற வாரம் அவ வேறொன்று கேட்டு வந்தா. மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற விடுகைப் பத்திரம்.

"கரைக்குத் திரும்பிப் போறம். அந்தாள் தனியக் கிடக்குது. இவளும் எழுதி எழுதி என்னை இருக்க விடுறாளில்லை."

"அங்க இங்கிலிசுக்கு ஆரும் வந்திருக்கினமோ?"

"இன்னும் இல்லையாம்." அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. "பரீட்சைக்கு இவள் தானாப் படிப்பாள்."

மகள் அழுதுகொண்டிருந்தாள். வாதத்தில் அவள் வென்றிருந்தாள். அதற்காகவே வகுப்பை விட்டுப் போக வேண்டியிருந்தது. தகப்பனிடம் போவதில் அவளுக்குச் சந்தோசம் இல்லாமல் இல்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். என் இலக்கணப் புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

"ரீச்சர், அடுத்த கேள்வி என்ன?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அங்க பாக்க ஏலாது. இப்பவே சொன்னால் எழுதித் தந்திட்டுப் போவன்."

நான் இன்னும் யோசித்திருக்கவில்லை. "இந்த முறை நீ போடு," என்றேன். "நாங்கள் மறுமொழி எழுதுறம்."

தாய் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நிற்க, அவள் கணினிக்கு முன் இருந்து இரண்டு விரலால் ஒரே வசனத்தைத் தட்டினாள்: நீங்கள் கடலைக் கண்டிருக்கிறீர்களா?

போரில் கரைக்குப் போகும் பாதைகள் மூடிக்கிடந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த தவணையின் முதல் வாரத்தில் மறுமொழிகள் வந்தன. வாயாடியினுடையதுதான் எல்லாவற்றிலும் சிறியது: "அன்புள்ள தங்கச்சி, இல்லை."

மிச்ச வசனங்களை நான் அவனிடம் கேட்கவில்லை.