செம்பருத்தி எழுதிய உருமி மேளக் கட்டுரை

தேவகி பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். மலேசியாவின் லூனாஸில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘செம்பருத்தி, குருண்’ என்ற பெயரில் எழுதுவது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது. நாடகத்து மாமியார்கள் நகையோடு தூங்குவது, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை புகைக்கு நடுவே சினிமாப் பாட்டோடு நுழைவது என்று பார்த்ததையெல்லாம் தொழிற்சாலை பஸ்ஸில் போனில் தட்டி அனுப்பிவிடுவாள். பத்திரிகையில் பெயரோடு ஊரும் போடுவார்கள் என்பதால் ஊரையும் குருண் என்று மாற்றிக் கொடுத்திருந்தாள்.

டிக்டாக்கில் ஆடியதற்காகத் தன் தங்கை மகளின் போனையே உடைத்தவர் தேவகியின் கணவர் ஜெயகுமார். அவருக்குத் தெரிந்தால் தன் போனும் போகும், எழுத்தும் போகும்.

அந்த வாரம் திருவிழா உருமி மேளத்தைப் பற்றி எழுதியிருந்தாள். ‘ஊதாச் சட்டைக்காரர்கள் அம்மனுக்கு முதுகைக் காட்டி, போனுக்கு முகத்தைக் காட்டி அடிக்கிறார்கள்.’ அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. லூனாஸில் ஊதாச் சட்டைக் குழு ஒன்றுதான். அதன் தலைவன் ஜெயகுமாரின் தம்பி அழகேசன்.

மதியம் அவனே பத்திரிகையோடு வந்து நின்றான். ஜெயகுமார் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணி, இதப் படிங்க. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன், தமிழ் எழுத்து ஓடாது. குருண்ல எவளோ எங்கள ஏசியிருக்காளாம். பசங்க மோட்டார எடுத்துக்கிட்டுப் போய்த் தேடலாம்ங்கிறானுங்க. அண்ணன எழுப்பட்டா?”

“வேணாம். நானே படிக்கிறேன்.”

அந்த வரியைத் தாண்டிவிடலாமா என்று நினைத்தாள். வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால்? முழுவதும் படித்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட, கண் அறைக் கதவுக்குப் போயிற்று. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

அழகேசன் பத்திரிகை மேல் கையை வைத்தான்.

“பாக்காமலே படிக்கிறீங்க, அண்ணி.”

தேவகி படிப்பதை நிறுத்தினாள்.

“அண்ணனுக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது என்று தலையாட்டினாள்.

“திருவிழா ரெண்டாம் நாள் மழை கொட்டுச்சு. ஒருத்தனும் போன் தூக்கல. நனைஞ்சுக்கிட்டே அம்மன பாத்து அடிச்சோம்லா. அத ஏன் எழுதல? நீங்க அங்க இல்லியா?”

இருந்தாள். கூடாரத்துக்குள் நின்று பார்த்தாள். சேர்த்தால் கேலி எடுபடாது என்று விட்டிருந்தாள்.

“இருந்தேன்.”

“யாரு அங்க?” உள்ளேயிருந்து ஜெயகுமாரின் குரல்.

அழகேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தாண்ணே. அண்ணி பேப்பர் படிச்சுக் காட்டுறாங்க.”

பத்திரிகையைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகினான். “அதையும் எழுதிடுங்க, அண்ணி” என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கேட்டானா, மிரட்டினானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று முழுக்கக் கணவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். முதல் வரியிலேயே மழையை எழுதினாள்.