மலிவாய் வந்த கோட்

டொரொன்ரோவுக்கு மகனிட்டை வந்த அடுத்த வருசம், கோட் தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். ஊசியும் நூலுமாகக் கையால் தெறி, அதுதான் பொத்தான், தைக்கிற வேலை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் என் வயது மதிக்கத்தக்க போர்த்துக்கீச மனுசி. அவவின் பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவவுக்குத் தெரியாது. எனக்குக் கண் மங்கினால் ஊசியை வாங்கி நூல் கோர்த்துத் தருவா. மத்தியானம் நான் வடையில் பாதி பிய்த்துக் கொடுப்பேன். உறைப்பில் வாயை விசிறிக்கொண்டே மற்றப் பாதிக்கும் கையை நீட்டுவா. வீட்டில் மகனும் மருமகளும் மாறி மாறி வேலைக்குப் போவார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த மேசையில்தான்.

பிறகு வேலை குறைந்தது. துணி வெட்டுகிற தமிழ்த் தம்பியை ஏனென்று மெல்லக் கேட்டேன்.

"முந்தி வெளியிலை தைச்சு வாற கோட்டுக்கு இறக்குமதி வரி, அன்ரி. அதாலை அதுவும் விலை கூட, எங்கடையும் விலை கூட. இப்ப ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைக்கினம். மெக்சிக்கோவிலை தைச்சு வாறதோடை நாங்கள் நிண்டுபிடிக்கேலாது."

"மலிவெண்டால் நல்லதுதானே, தம்பி?"

"ஓம், ஓம். கோட் மலிவு. போட்டுக்கொண்டு போக வேலைதான் இராது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தொழிற்சாலை பூட்டின அன்று மனுசி மட்டைத் துண்டில் தன் போன் நம்பரை எழுதி என் கைக்குள் வைத்து மூடினா. நானும் என்னுடையதை எழுதிக் கொடுத்தேன்.

"பாஷை இல்லாமல் என்னத்தையம்மா கதைக்கப்போறியள்?" என்றான் வீட்டில் அதைக் கண்ட மகன்.

அடுத்த குளிருக்கு அவன் எனக்கொரு கோட் வாங்கிவந்தான். "பாருங்கோ, முந்தின விலையிலை பாதிதான்." நல்ல சூடு. ஒரு தெறி மட்டும் ஆடியது. அதை அறுத்துத் திருப்பித் தைத்தபோது மனுசிக்குக் காட்டவேணும் போலிருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. மட்டையிலிருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன்.

"ஹலோ."

"ஹலோ" என்றேன்.

என் குரலை அடையாளம் பிடித்து, தன் பாஷையில் கனக்கச் சொன்னா. நானும் தமிழில், "மகன் கோட் வாங்கித் தந்தவன், தெறி நான் தைச்சது" என்றேன். நூல் கோர்க்க ஊசியில்லை, பிய்த்துக் கொடுக்க வடையில்லை. அவவின் மூச்சுத்தான் கேட்டது.

"கோல்ட்" என்றா, குளிரைத்தான்.

"ஓம், கோல்ட்."

அவ போனை வைத்தா. பிறகு நானும் எடுக்கவில்லை, அவவும் எடுக்கவில்லை. மகனுக்கு லீவு கிடைத்த ஒருநாள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். அந்தக் குளிர் முழுக்க நான் வெளியில் போனதும் அந்தக் கோட்டைப் போட்டதும் அன்றைக்கு மட்டுந்தான்.