காய்ச்சலுக்குக் காத்திருந்த பூவனநாதன்

கோவில்பட்டி பஜாரில் என் விதைக்கடைக்கு அடுத்தது பூவனநாதன் அண்ணாச்சியின் எவர்சில்வர் பாத்திரக்கடை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். மூத்திரத்தில் ரத்தம் வந்ததை நாலு மாதம் மறைத்துவிட்டு, "வெயில் சூடு" என்று இளநீராகக் குடித்துத் தள்ளினார். கேட்டால் எரிந்து விழுவார். கடைசியில் கடையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போக முடிந்தது. இது 2001-இல்.

மூத்திரப்பையில் புற்று. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் இது திரும்பத் திரும்ப முளைக்கிற வகை என்றார் டாக்டர் சத்யபிரியா. வாரம் ஒரு தடவை, ஆறு வாரம் ஒரு மருந்தைப் பைக்குள் விட வேண்டும். அது பலிக்காவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஒரு பை மாட்டுவார்கள்.

"என்ன மருந்து?" என்றார் அண்ணாச்சி.

"குழந்தைகளுக்குத் தோள்ல போடுற பி.சி.ஜி.தான் ஐயா. வலுவைக் குறைச்ச டி.பி. கிருமி."

அண்ணாச்சி எழுந்து செருப்பைத் தேடினார்.

டாக்டர் பொறுமைசாலி. உட்காரவைத்து விளக்கினார். நம் ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு உண்டு, இயற்கைக் கொல்லி அணு என்று பேர். இன்னார்தான் எதிரி என்று அதற்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர வேண்டாம். கெட்டுப்போன அணுவைத் தொட்டுப் பார்த்தே கண்டுகொண்டு ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். "உங்க புற்று அதை ஏமாத்திட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. இந்தக் கிருமி உள்ள போனா உடம்பு கலவரப்பட்டு, அதையும் மத்த வெள்ளை அணுக்களையும் எழுப்பிவிடும். வந்த வேகத்துல புற்றையும் சேர்த்து அடிக்கும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். ஆனாலும், "வேண்டாம்" என்று வெளியே வந்துவிட்டார். அவர் மனைவி ஜானகியம்மாள் மருந்துச்சீட்டு வாங்க நின்ற நேரத்தில், டீக்கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி, உங்களுக்குக் கிறுக்கா என்றே கேட்டேன்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாப்பா," என்றார். "பதினேழு வயசு. டி.பி. தொழுவத்துல மாட்டை அவுத்துட்டு அவளைப் போட்டாங்க. நான்தான் கஞ்சி கொண்டு போவேன். வாசல்ல வச்சுட்டு ஓடி வந்துருவேன். ஏழு மாசத்துல போய்ச் சேந்துட்டா. வெளிய தெரிஞ்சா பொண்ணு தரமாட்டாங்கன்னு அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லைன்னு ஆக்கிட்டாங்க. ஜானகிக்கே தெரியாது. அந்தச் சனியனையா உள்ள விடச் சொல்லுதீக?"

முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்று ஏதோ சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை.

ஏற்றியது ஜானகியம்மாள்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. "நீங்க எதுக்குப் பயப்படுதீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க இல்லாத வீட்டுல நான் யாருக்கு உலை வைக்க?" என்று அந்த அம்மா அழாமல் கேட்டது. மறு செவ்வாய்க்கிழமை மதுரை பஸ்ஸில் மூவரும் ஏறினோம்.

மருந்தை உள்ளே விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குப்புற, மல்லாக்க என்று புரள வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை போனபின்னும் கக்கூஸில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால் மணி கழித்துத் தண்ணீர் விட வேண்டும். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் அது என்ன பாடு என்று ஜானகியம்மாளைக் கேட்க வேண்டும். என் கடைக் குடத்தையும் தூக்கிப் போயிற்று.

லேசான காய்ச்சல் வரலாம், உடம்பு முழித்துக்கொண்டதற்கு அது ஓர் அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராவிட்டாலும் மருந்து வேலை செய்யும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால்தான் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார் மனுஷன். அக்குளில் தெர்மாமீட்டரோடே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் ஒன்றுமில்லை. "என் கொல்லி செத்துப்போச்சுப்பா" என்று முகம் தொங்கிவிட்டது. விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்க்கிற சம்சாரி கூட அப்படி ஏங்கியிருக்க மாட்டான்.

நாலாவது வாரம், சாயங்காலம், நூறு புள்ளி எட்டு. ஜானகியம்மாள் சுக்குக் கஷாயத்தோடு ஓடி வந்தது.

"ஏட்டி, தணிச்சுப்புடாத. இப்பதான் கொல்லி எந்திரிச்சிருக்கான்," என்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சிரித்தார். காய்ச்சல் வந்ததற்குச் சிரித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலையில் தணிந்துவிட்டது.

ஆறு வாரமும் முடிந்து, மூன்று மாதம் கழித்துக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பை சுத்தமாக இருந்தது. "அடிக்கடி வந்து பாத்துக்கணும், ஆனா இப்ப ஒண்ணும் இல்ல ஐயா," என்றார் டாக்டர். எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். திரும்பி வருகையில், பஸ் சாத்தூர் தாண்டியதும் அண்ணாச்சி திடீரென்று வாய் திறந்தார்.

"ஆறுமுகம், எங்க அக்காவுக்கு ஏழு மாசமும் காய்ச்சல் அடிச்சுது."

பக்கத்தில் ஜானகியம்மாள் இருப்பதைக் கண்ணால் காட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

"நோவு அவளைத் தின்னுதுன்னு நினைச்சோம். அது அவ உடம்பு போட்ட சண்டைதானப்பா. நாங்க எல்லாரும் விலகி நின்னோம். அது மட்டும் கடைசி வரைக்கும் அவ கூடவே நின்னுருக்கு."

ஜானகியம்மாள் எந்த அக்கா என்று கேட்டது. எல்லாவற்றையும் சொன்னார். முப்பது வருஷம் மறைத்ததற்கு அந்த அம்மா ரகளை பண்ணப்போகிறது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கன்னியாப் போன பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு சேலை வச்சுக் கும்பிடணும்ல. அதுகூடவா செய்யல?" என்றது ஜானகியம்மாள். பிறகு, "வாற வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல வைப்போம். நாளைக்கே போய் எடுத்துட்டு வாரேன். அவியளுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியலியே ஜானகி. நான் கிட்டப் போகவே இல்லியே."