கோர்படி மைதானத்துத் தட்டுகள்

செத்துப்போன அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் இன்று எங்கள் நிக்டி வீட்டுக்கு வந்து, விரல் நீள இரும்புக் குழாய் ஒன்றை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். துப்பாக்கி எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. கோர்படியில், இப்போது அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில், அன்று சுடும் மைதானம் இருந்தது.

அப்பா அங்கே துப்பாக்கிகளுக்குப் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் அவருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவோம். குறிபார்த்துச் சுட எறியும் மண் தட்டுகள் வானத்தில் பறந்து, குண்டு பட்டுச் சிதறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் சுடுமுன் அப்பா துப்பாக்கியைத் திறந்து, காலிதானா என்று பார்த்து, குழல் முனையில் திருகிய சோக் என்கிற இந்தக் குழாயில் அதன் இறுக்கத்தைக் காட்டும் விளிம்பு வெட்டுகளை நகத்தால் தடவி, தோட்டாவில் எழுதியிருப்பதை வாசித்து, எஃகுக் குண்டென்றால் இறுக்கமான சோக்கைக் கழற்றி அகலமானதை மாட்டுவார். எஃகு ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது, குழலே வீங்கிவிடும் என்பார். எந்த அதிகாரி அவசரப்படுத்தினாலும் "ஆராம்ஸே, சாப்" என்று சிரிப்பார். அவசரமே இல்லை என்கிற அந்தக் குரலை நாங்கள் அங்கே மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

வீட்டில் ரசத்துக்கு உப்பு குறைந்தால் போதும், தட்டு அம்மாவை நோக்கிப் பறக்கும்.

"அவர் மாதிரி ஜாக்கிரதையான மனுஷனைப் பாக்க முடியாதும்மா" என்றார் வந்தவர்.

"ஆமாங்க, துப்பாக்கி மேல ஒரு கீறல் விழ விடமாட்டார்" என்றாள் அம்மா.

வந்தவருக்குச் சோறு போட்ட எவர்சில்வர் தட்டின் விளிம்பு நெளிந்திருந்தது. மைதானத்துத் தட்டு மாதிரி உடைந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.